எரிவது எவர் சோறு?

நெல்லைக் குத்தி அரிசியாக்கி, அரிசியைப் புளிக்கவைத்துச் சாராயமாக்கி, சாராயத்தை வடித்து எத்தனாலாக்கி, அந்த எத்தனாலைப் பெட்ரோலோடு கலந்து காரில் ஊற்றி எரிக்கும் காரியத்திற்கு டில்லி சர்க்கார் ‘பசுமை எரிபொருள்’ என்று பெயர் சூட்டியிருக்கிறது. பெயர் அழகானதுதான்! பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால் என்ற இலக்கை 2030-ஆம் ஆண்டுக்கு வைத்திருந்தவர்கள், அதை 2025-26-க்கு முன்னிழுத்தார்கள். 2025-ஆம் ஆண்டிலேயே எட்டிவிட்டோம் என்று மந்திரிகள் மேடைதோறும் முழங்கினார்கள். எட்டினார்கள், நாம் மறுக்கவில்லை. எதை ஏணியாக வைத்து எட்டினார்கள் என்பதைத்தான் கேட்கிறோம்.

இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளிலிருந்து சாராய ஆலைகளுக்கு என்று 2025-ஆம் ஆண்டில் ஒதுக்கப்பட்ட அரிசி 52 லட்சம் டன். விலை, கிலோ 22 ரூபாய் 50 காசு. அதே அரிசியை உழவரிடம் நெல்லாக வாங்கி, அரைத்து, மூட்டை பிடித்து, ரயிலேற்றி, கிடங்கில் காத்து வைக்கக் கழகத்துக்கு ஆகும் செலவோ கிலோவுக்கு ஏறத்தாழ 40 ரூபாய். இடையிலே விழுகிற 17 ரூபாய் 50 காசு எந்தச் சீமான் வீட்டுப் பணம்? தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் வரி கட்டுகிற ஏழை எளியவர்களின் பணம்.

ஒதுக்கியதெல்லாம் எடுக்கப்பட்டால் அந்த ஓர் ஆண்டுக் கணக்கு மட்டும் 9,000 கோடி ரூபாய்க்கு மேலே போகிறது. பணத்தை விடுங்கள், சோற்றைக் கணக்கிடுவோம். உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஓர் ஆளுக்கு மாதம் 5 கிலோ. ஆண்டுக்கு 60 கிலோ. 52 லட்சம் டன் என்பது எட்டரைக் கோடிப் பேருக்கு மேற்பட்டவர்களின் ஓராண்டுப் பங்கு. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகையே 7 கோடியே 21 லட்சம்தான்! ஒரு தமிழ்நாட்டைப் போல ஏறத்தாழ 1.2 மடங்கு மக்களின் பங்கு, சக்கரத்தில் சுழன்று புகையாகப் போவதற்கு உத்தரவு போட்டிருக்கிறார்கள்.

“கிடங்கில் இடமில்லை, அரிசி வழிகிறது, மக்கிப் போவதைக் காட்டிலும் எரிபொருளாவது மேல் அல்லவா?” என்று பதில் சொல்கிறார்கள். கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கிறது. வழிவது உண்மையானால், வழிவதை வாங்கிக்கொள்ளக் கையேந்தி நின்றவர்களுக்கு என்ன பதில் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டுமல்லவா? 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கர்நாடக அரசு, தன் ஏழை மக்களுக்கு இலவச அரிசி கொடுக்க வேண்டும், கிலோ 34 ரூபாய் தருகிறோம், விற்பனை செய்யுங்கள் என்று கேட்டது. மாநிலங்களுக்கு வெளிச்சந்தைத் திட்டத்தில் விற்பனை இல்லை என்று கதவைச் சாத்தினார்கள். அந்த நாளில் சாராய ஆலைகளுக்கு அதே கிடங்கின் பின்வாசல் வழியாக அரிசி என்ன விலைக்குப் போய்க்கொண்டிருந்தது தெரியுமா? கிலோ 20 ரூபாய்! 34 ரூபாய் கொடுக்கிறவனுக்கு இல்லை. 20 ரூபாய் கொடுக்கிறவனுக்கு உண்டு. இந்த வியாபாரத்தைச் செட்டித் தெருவின் சின்னப் பையன்கூடச் செய்ய மாட்டான். விலைவாசி ஏறி ஊர் சிரிக்கத் தொடங்கிய பிறகு, அடுத்த மாதமே ஆலைகளுக்கும் நிறுத்தினார்கள். 2024-இல் மறுபடி திறந்தார்கள். 2025 ஜனவரியில், மாநிலங்களுக்கும் அதே 22 ரூபாய் 50 காசு என்று பெருந்தன்மை காட்டினார்கள். அளவு? மாநிலங்களுக்கு 12 லட்சம் டன், ஆலைகளுக்கு 24 லட்சம் டன். வயிற்றுக்கு ஒரு பங்கு, வண்டிக்கு இரண்டு பங்கு! அந்த 24 தான் பிறகு 52 ஆக வளர்ந்தது.

மக்காச்சோளத்தின் கதையும் இதே கதைதான். ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு, ஆலைகள் சோளத்தைத் தின்னத் தொடங்கியதும் 2024-ஆம் ஆண்டில் இறக்குமதி செய்யும் நாடாயிற்று. தீவன விலை ஏறுகிறது என்று நாமக்கல் கோழிப் பண்ணைக்காரர் தலையில் கை வைத்தார். முட்டை விலைக்கும் மோட்டார் காருக்கும் முடிச்சு விழும் என்று யார் கண்டார்கள்!

பெட்ரோலுக்கு மாற்றுத் தேவையில்லை என்று நாம் வாதாட வரவில்லை. அயல்நாட்டுக் கச்சா எண்ணெய்க்கு நாடு கொட்டிக் கொடுக்கும் பணத்தை நாம் அறிவோம். புகையால் வானம் கெடுவதையும் அறிவோம். தாவரத்திலிருந்து எரிபொருள் எடுக்க அரிசியையும் சோளத்தையும் விட்டால் வேறு வழியில்லையா என்பதுதான் கேள்வி. வழி உண்டு. அந்த வழி புதிதும் அல்ல; இருநூறு ஆண்டுப் பழமையானது. மரத்தூளிலிருந்தும் சிராயிலிருந்தும் சர்க்கரை எடுக்கலாம். அந்தச் சர்க்கரையைப் புளிக்கவைத்து எத்தனால் வடிக்கலாம்.

‘மரத்திலிருந்து சர்க்கரையா?’ என்று வாசகர் புருவத்தை உயர்த்த வேண்டாம். அரிசியிலுள்ள மாவுப்பொருளும் மரத்திலுள்ள செல்லுலோஸும் ஒரே மணியால் கோர்த்த இரண்டு மாலைகள்தாம். மணி, குளுக்கோஸ் என்னும் சர்க்கரை. அரிசியில் அது தளர்வாகக் கோர்க்கப்பட்டிருக்கிறது. சோற்றை வாயில் வைத்து நிதானமாக மென்றால் இனிக்கிறதே, எச்சிலே அந்த நூலை அறுத்துவிடுகிறது என்று பொருள். மரத்திலோ ஒவ்வொரு மணியையும் புரட்டிப் புரட்டிக் கோர்த்து, சரத்தோடு சரத்தை இறுக்கிப் பின்னி, ஹெமிசெல்லுலோஸ் என்னும் இன்னொரு சர்க்கரைக் கொடியால் சுற்றி, லிக்னின் என்னும் பசையால் இயற்கை பூசி வைத்திருக்கிறது. உலர்ந்த மரத்தின் எடையில் செல்லுலோஸ் 40 முதல் 45 சதவிகிதம். பசை 20 முதல் 30. மரம் புயலிலே நிற்பது அந்தப் பசையால். நம் எச்சில் அதனிடம் தோற்றுவிடும். ஆனால் வீட்டுக் கதவு நிலையைக் கறையான் தின்று கொழுக்கிறதே, எப்படி? அதன் குடலிலே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அந்த நூலை அறுத்துக் கொடுக்கின்றன. கறையானுக்குத் தெரிந்த வித்தையை மனிதன் கற்றுக்கொள்ளத் தொடங்கி எத்தனையோ காலம் ஆயிற்று.

1819-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு நான்சி நகரத்திலே ஹென்ரி பிராகொன்னோ என்னும் வேதியியலார், கந்தைத் துணியையும் மரத்தூளையும் கந்தகத் திராவகத்தில் ஊறவைத்துச் சர்க்கரை எடுத்துக் காட்டினார். கந்தையிலிருந்து சர்க்கரை, அதுவும் கந்தையின் எடையை மிஞ்சிய சர்க்கரை என்றதும் அந்தக் காலத்து அறிஞர்கள் வியந்தார்கள். மணிகள் பிரியும்போது ஒவ்வொன்றும் ஒரு துளி நீரைச் சேர்த்துக்கொள்வதால் எடை கூடியது, அதில் மாயமில்லை. 1910-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலத்து ஜார்ஜ்டவுனில், மர அறுவை மில்லின் கழிவிலிருந்து எரிசாராயம் வடிக்கும் ஆலை எழுந்தது. லூயிசியானாவில் இன்னொன்று எழுந்தது. முதல் உலகப் போர் முடிந்ததும் இரண்டும் மூடப்பட்டன. மரமறுக்கும் தொழில் இளைத்தது. சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகு மலிவாக வந்து குவிந்தது. மரத்தூள் போட்டியில் தோற்றது. இந்தத் தோல்வியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மரச் சர்க்கரையின் வரலாறு முழுவதும் இதே கதைதான் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

ஜெர்மனியிலே ஷோலர் என்பவர் நீர்த்த கந்தகத் திராவகத்தாலும், நோபல் பரிசு பெற்ற பெர்கியஸ் அடர்ந்த உப்புத் திராவகத்தாலும் மரத்தைச் சர்க்கரையாக்கினார்கள். ஆலைகள் எழுந்தன, போர்க் காலத்தில் சாராயமும் ஈஸ்ட் தீவனமும் கொடுத்தன. சோவியத் நாட்டிலே இந்தத் தொழில் இன்னும் பெரிதாக வளர்ந்தது. காரணத்தைக் கவனியுங்கள்: லெபெதெவ் என்னும் விஞ்ஞானியின் முறைப்படி அங்கே சாராயத்திலிருந்து செயற்கை ரப்பர் செய்தார்கள். சாராயமோ தானியத்திலிருந்தும் உருளைக்கிழங்கிலிருந்தும் வந்தது. ஒரு டன் ரப்பருக்குப் பல டன் தானியம் போயிற்று. டயருக்காக மக்களின் ரொட்டியைக் கரைப்பதா என்ற கேள்வி எழுந்தது. 1930-களின் நடுவிலிருந்து மரக்கழிவு ஆலைகள் வரிசையாகக் கட்டப்பட்டன. பிற்காலத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டன. இன்று நம் நாட்டில் எழ வேண்டிய கேள்வி, தொண்ணூறு ஆண்டுக்கு முன்பு அங்கே எழுந்தது.

லெனின்கிராடு முற்றுகையை நம் வாசகர்களில் பலர் அறிவார்கள். 1941-ஆம் ஆண்டு நவம்பரில் அந்நகர மக்களில் பெரும்பாலோருக்கு ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டி; அந்த ரொட்டியிலும் பாதி மாவல்லாத பொருள். அங்கிருந்த வனத்தொழில் கல்விக்கழகத்தின் வேதியியலார் வசீலி ஷர்கோவ் முதலானோர், மரத்திலிருந்து எடுத்த செல்லுலோஸை ரொட்டியில் சேர்க்கவும், மரச் சர்க்கரையில் ஈஸ்ட் வளர்த்துப் புரதக் கஞ்சி காய்ச்சவும் வழி கண்டார்கள். செல்லுலோஸ் வயிற்றை அடைத்ததே தவிர உடலில் ஒட்டவில்லை. ஈஸ்ட் கஞ்சியோ உயிர் கொடுத்தது. பசியால் மடிந்துகொண்டிருந்த மக்கள் மரத்தூளைச் சோறாக மாற்றினார்கள். நாமோ சோறு கையில் இருக்கும்போது அதை எரிபொருளாக மாற்றுகிறோம், மரத்தூளைக் குப்பைமேட்டில் கொளுத்துகிறோம்!

சோவியத் ஆட்சி 1991-இல் வீழ்ந்ததும் அந்த ஆலைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. திட்டக் கமிஷன் போனது, சந்தை வந்தது. மானியம் நின்றது, சங்கு ஊதிற்று. லிக்னின் கழிவு மலைமலையாகக் கிடந்து ஆண்டுக்கணக்கில் புகைந்துகொண்டிருந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறோம்: பசையை என்ன செய்வது என்று அவர்கள் முன்கூட்டியே எண்ணிப் பார்க்கவில்லை.

சுவிட்சர்லாந்தின் கதை இன்னும் சுவையானது. அந்த மலைநாட்டிலே எண்ணெய் இல்லை, கடல் இல்லை. இரண்டாம் உலகப் போரில் நாலு பக்கமும் வழி அடைபட்டது. கிராபுண்டன் மாநிலத்து ஏம்ஸ் என்ற ஊரில் வெர்னர் ஓஸ்வால்ட் என்பவர் மரத்தைச் சர்க்கரையாக்கும் ஆலை அமைத்தார். அதிலிருந்து வந்த சாராயம் பெட்ரோலில் கலக்கப்பட்டது. மக்கள் அதற்கு ‘ஏம்ஸ் தண்ணீர்’ என்று கேலிப் பெயர் வைத்தார்கள். போர் முடிந்து பெட்ரோல் கப்பல் வந்தது. சர்க்கார் உதவி இல்லாமல் ஆலை நிற்க முடியவில்லை. உதவியைத் தொடரலாமா கூடாதா என்று 1956-ஆம் ஆண்டு மே மாதம் 13-ஆம் நாள் நாட்டு மக்களிடமே வாக்குக் கேட்டார்கள். ‘கூடாது’ என்றார்கள் மக்கள். ஆலை செயற்கை நூலுக்கும் ரசாயனத்துக்கும் மாறிப் பிழைத்துக்கொண்டது.

நாம் அந்த வாக்கெடுப்பின் முடிவைப் புகழ்வதா இகழ்வதா என்பது வேறு. அங்கே உதவி எவ்வளவு, யாருக்கு என்பதை வெளிப்படையாகச் சொல்லி மக்களைக் கேட்டார்கள். இங்கே? அரிசி எத்தனாலுக்குக் கொடுக்கும் உதவி எந்த பட்ஜெட் ஏட்டிலும் ‘எரிபொருள் மானியம்’ என்ற தலைப்பில் இல்லை. அது உணவுக் கழகத்தின் நட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. ‘உணவு மானியம்’ என்ற போர்வையைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறது. ஏழைக்குச் சோறு போட்டதாகக் கணக்கு, எரிந்ததோ எஞ்சினில். ஒரு டன் அரிசியில் 450 லிட்டருக்கு மேல் எத்தனால் கிடைக்கும் என்கிறார்கள். கிலோவுக்கு 17 ரூபாய் 50 காசு நட்டம் என்றால், லிட்டருக்கு 35 ரூபாய்க்கு மேல் மறைமுக மானியம்! மரத்தூள் எத்தனால் ‘விலை கட்டுபடியாகாது’ என்று தள்ளுகிறவர்கள், இந்த 35 ரூபாயை அரிசி எத்தனாலின் விலையோடு கூட்டிப் பார்த்துவிட்டா தள்ளினார்கள்? தராசின் ஒரு தட்டின் அடியில் புளியை ஒட்டவைத்துவிட்டு, மறு தட்டு கனக்கிறது என்று கூவுவது எந்த ஊர் நியாயம்?

மரத்தின் பக்கத்திலும் கடினம் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. திராவகத்தில் வேகவைக்கும்போது பக்குவம் ஒரு நூலிழை தப்பினால் கிடைத்த சர்க்கரையே சிதைந்து ஈஸ்டைக் கொல்லும் நஞ்சாகிவிடுகிறது. ஹெமிசெல்லுலோஸிலிருந்து வருவது பெரும்பாலும் ஸைலோஸ் என்னும் வேறு சர்க்கரை. ரொட்டிக்குப் போடும் சாதாரண ஈஸ்ட் அதைத் தொட்டும் பார்ப்பதில்லை. உலர்ந்த மரம் ஒரு டன்னுக்கு 200 முதல் 300 லிட்டர்தான் கிடைக்கும்; அரிசியைப்போல இரண்டு மடங்கு பொருளை ஆலைக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

ஆயினும் இந்த எழுபது, எண்பது ஆண்டுகளில் விஞ்ஞானம் சும்மா இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் இருந்த அமெரிக்கப் படையின் கூடாரங்களும் பருத்தி உடைகளும் மக்கிப் போவதைக் கண்டு, காரணமான பூசணத்தைத் தேடிப் பிடித்தார்கள். பகையாகப் பிடிக்கப்பட்ட அந்தப் பூசணம், எல்வின் ரீஸ், மேரி மாண்டல்ஸ் ஆகியோரின் உழைப்பால் நண்பனாயிற்று. செல்லுலோஸை அறுக்கும் நொதியை அது ஏராளமாகச் சுரக்கிறது என்று கண்டார்கள். ரீஸின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. திருப்பூர்ச் சாயப்பட்டறைத் தோழர்களுக்கு இது புதுச் சரக்கல்ல. பனியன் துணியின் மேல் படரும் பஞ்சு இழையைச் சீராக்க ‘பயோ வாஷ்’ போடுகிறார்களே, அதில் வேலை செய்வது இந்த இனத்து நொதிதான். பனியனில் ஓடுகிற நொதி மரத்தூளில் ஓடாதா? ஓடுகிறது. ஸைலோஸைத் தின்னும் ஈஸ்டையும் உருவாக்கிவிட்டார்கள்.

நார்வே நாட்டு சார்ப்ஸ்போர்க் நகரில் போரெகார்டு ஆலை 1938-ஆம் ஆண்டிலிருந்து ஊசியிலை மரத்தின் சர்க்கரையில் எத்தனால் வடிக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி லிட்டர். மற்றவர்கள் விழுந்த இடத்தில் அது நின்றது எப்படி? மரத்தின் எந்தப் பகுதியையும் வீணாக்கவில்லை. செல்லுலோஸை ஒரு பக்கம் விற்றது. பசையான லிக்னினிலிருந்து, ஐஸ்கிரீமுக்கு மணம் கொடுக்கும் வனிலின் எடுத்தது. மிச்சச் சர்க்கரையைச் சாராயமாக்கியது. ஆட்டை அறுத்தால் தலைக்கறி, குடல், தோல் எல்லாவற்றுக்கும் விலை வைக்கிற கறிக்கடைக்காரரின் கெட்டிக்காரத்தனம் அது! சோவியத் ஆலைகள் மலையாகக் குவித்த பசையை நார்வே பணமாக்கியது.

2016-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள், அமெரிக்காவின் சியாட்டில் நகரிலிருந்து வாஷிங்டன் நகருக்கு ஒரு பயணிகள் விமானம் பறந்தது. அதன் எரிபொருளில் 20 சதவிகிதம், மரம் வெட்டிய காட்டில் மிஞ்சிக் கிடந்த கிளையிலிருந்தும் கட்டையிலிருந்தும் எடுத்த சர்க்கரையால் ஆனது. மரச் சர்க்கரை கண்டத்தைக் கடந்து பறந்துவிட்டது. இங்கே மரத்தூள் இன்னும் மில்லின் கொல்லைப்புறத்தைக் கடக்கவில்லை.

இந்தியாவில் ஒன்றுமே நடக்கவில்லையா என்றால், நடந்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டில், பயிர்க்கழிவு மரக்கழிவுகளிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலைகளுக்கு உதவ ‘ஜீவன்’ திட்டம் என்று ஒன்றை அறிவித்தார்கள். 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பானிப்பட்டில் வைக்கோல் எத்தனால் ஆலை திறக்கப்பட்டது. 2 லட்சம் டன் வைக்கோலில் ஆண்டுக்கு 3 கோடி லிட்டர் என்பது அதன் இலக்கு. 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் அஸ்ஸாமின் நுமாலிகரில் மூங்கிலிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலையைப் பிரதமர் மோடி திறந்து வைத்தார். மூங்கில் மரமா புல்லா என்று கேட்டால், தாவர நூலின்படி புல்தான்; காட்டுச் சட்டத்தில் அதை மரமென்று வைத்திருந்ததை 2017-இல்தான் திருத்தினார்கள்! புல்லோ மரமோ, செல்லுலோஸ் செல்லுலோஸ்தான். மூங்கிலைச் சர்க்கரையாக்கும் ஆலையால் மரத்தூளையும் சர்க்கரையாக்கும் வித்தைக்கு வழிகாட்ட முடியும். அந்த ஆலையை நாம் வரவேற்கிறோம். மூங்கில் வெட்டிக் கொண்டுவரும் மலைவாழ் மக்களுக்குக் கட்டுபடியான விலை கிடைத்தால் இன்னும் உரக்க வரவேற்போம்.

ஆனால் அளவைப் பாருங்கள். ஜீவன் திட்டத்துக்கு ஒதுக்கிய மொத்தத் தொகை 1,969 கோடியே 50 லட்சம் ரூபாய். ஓர் ஆண்டுக்கல்ல, பல ஆண்டுகளுக்கும் சேர்த்து. காலக்கெடுவை 2024-இல் இன்னும் ஐந்து ஆண்டு நீட்டினார்கள். அரிசியைச் சாராயமாக்க ஓராண்டுக்குச் சுமக்கும் நட்டம் 9,000 கோடி. மரத்தையும் வைக்கோலையும் சர்க்கரையாக்கப் பத்தாண்டுக்கு 2,000 கோடிக்கும் குறைவு! குழந்தைக்குப் பால் வாங்க அரைக்காசும், தலைவாசலில் வாணம் விடப் பத்துக்காசும் கொடுக்கிற தகப்பனைப் பற்றி ஊர் என்ன பேசும்?

தமிழ்நாட்டுக்கு இதில் என்ன என்று கேட்பவர்கள் இராமநாதபுரத்துக்கு ஒரு நடை போய்வரட்டும். கண்மாயிலும் தரிசிலும் கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக் கருவேல். வெள்ளைக்காரன் காலத்தில், 1870-களில், விறகுக்கு உதவும் என்று விதை கொண்டுவரப்பட்ட மரம். ‘வேலிகாத்தான்’ என்று நாம் பெயர் வைத்த மரம், வேலியைத் தாண்டி வயலையே விழுங்கிற்று. அதை அகற்ற நீதிமன்றம் உத்தரவிட்டது. 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு அயல் படர்தாவரங்களை ஒழிக்கக் கொள்கையே வகுத்தது. நீலகிரியிலும் முதுமலையிலும் உண்ணிச்செடி; மஞ்சள் கொன்றை. அந்த மஞ்சள் கொன்றையை வெட்டிக் கொண்டுபோய்க் காகிதக் கூழாக்க நமது தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்துக்கு இடம் கொடுத்தார்கள். மரத்தைக் கூழாக்குவதும் சர்க்கரையாக்குவதும் ஒரு தெருவின் இரண்டு வீடுகள். கரும்புச் சக்கையைக் காகிதமாக்கிக் காட்டிய பொதுத்துறை நிறுவனம் நம்மிடம் இருக்கிறது. ஆளும் உண்டு, அனுபவமும் உண்டு. முதல் போடத்தான் டில்லிக்கு மனம் வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘கழிவு’ என்ற சொல்லை நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மரத்தூள் யாருக்குக் கழிவு? மில் முதலாளிக்குக் கழிவு. டீக்கடையில் தூள் அடுப்பு மூட்டுகிறவருக்கு எரிபொருள். செங்கல் சூளைக்காரருக்குச் சரக்கு. சீமைக் கருவேல் அரசுக்குக் களை. முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்தில் கரிமூட்டம் போட்டுப் புகையிலே வெந்து பிழைக்கிற குடும்பங்களுக்குக் கூலி. சுள்ளி பொறுக்கித் தலைச்சுமையாகக் கொண்டுவந்து உலை வைக்கும் தாய்மார் இன்னும் இருக்கிறார்கள். ஆலை வருகிறது என்ற பெயரால், நேற்றுவரை சும்மா கிடைத்த சுள்ளிக்கு இன்று குத்தகைதாரன் காவல் போடுவானானால், அந்த ஆலையை நாமே எதிர்ப்போம். கரிமூட்டத் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கங்கள்தாம் மரத்தை வெட்டி, செதிலாக்கி, எடை போட்டு ஆலைக்கு விற்க வேண்டும். எடைக்கு விலையை அரசு முன்னதாகவே அறிவிக்க வேண்டும். நெல்லுக்கு ஆதரவு விலை என்றால், சிராய்க்கு ஏன் கூடாது?

இன்னொரு அபாயமும் உண்டு. ஆலைக்கு வயிறு பெரிது. இருபது ஆண்டு தொடர்ந்து தீனி கேட்கும். சீமைக் கருவேலை நம்பி ஆலை கட்டிவிட்டு, பத்தாண்டில் மரம் தீர்ந்துவிட்டால்? முதலாளி என்ன செய்வார்? ‘அழிக்காதீர், வளருங்கள்’ என்பார். களை பயிராகிவிடும், கண்மாய் மீளாது. அல்லது காட்டுக்குள் கோடரியோடு போவார். நல்ல மரத்தையும் ‘கழிவு’ என்று எழுதிக்கொள்வார். ஆகவே, முதல் பத்தாண்டு களைமரம், பிறகு மர அறுவை மில், பிளைவுட் ஆலை, தீக்குச்சித் தொழில், தோப்புக் கழிப்பு ஆகியவற்றின் மிச்சம் என்று ஆலைக்கான தீனிப் பட்டியலை முதலிலேயே சட்டமாக எழுதி வைக்க வேண்டும். ஊருக்கு ஒரு ராட்சத ஆலை வேண்டாம். மரத்தூள் பஞ்சுபோல் இடம் அடைக்கும் பண்டம். நூறு மைலுக்கு லாரியில் சுமந்தால் டீசல் செலவே சர்க்கரையைத் தின்றுவிடும்.

மின்சார இலாகாவுக்கும் ஒரு சொல். நிலக்கரியோடு 5 சதவிகிதம் தாவரக்கழிவு உருண்டையைச் சேர்த்து எரிக்க வேண்டும் என்று 2021-இல் அனல் மின்நிலையங்களுக்கு டில்லி உத்தரவு போட்டது. வெயிலும் காற்றும் மின்சாரம் கொடுக்கும் நாட்டில், சர்க்கரையாகக்கூடிய மரத்தைக் கொதிகலனில் வீசுவதைக் காட்டிலும், சர்க்கரையைப் பிழிந்துவிட்டுப் பசையை மட்டும் எரிப்பது மேலல்லவா? விமானத்தையும் லாரியையும் காற்றாலை இழுக்காது. அவற்றுக்குத்தான் திரவ எரிபொருள் வேண்டும். உணவு இலாகா ஒரு பக்கம், எண்ணெய் இலாகா ஒரு பக்கம், மின்சார இலாகா ஒரு பக்கம் என்று மூன்று மாடுகள் ஒரு வண்டியை மூன்று திசையில் இழுக்கின்றன.

எத்தனால் கொள்முதல் ஆண்டு நவம்பர் முதல் தேதி பிறக்கிறது. அதற்கு முன்னால் அரிசி ஒதுக்கீட்டு உத்தரவு எழுதப்படும். எழுதும் முன்பு மூன்று எண்களை நாடாளுமன்றத்தின் முன் வைக்கட்டும்: அரிசி எத்தனால் ஒரு லிட்டருக்கு உணவுக் கழகம் சுமக்கும் நட்டம் எவ்வளவு, அதே தொகையை மரக்கழிவு எத்தனாலுக்குக் கொடுத்தால் விலை எங்கே நிற்கும், ஜீவன் திட்டப் பணத்தில் மரக்கழிவு ஆலைக்கென்று இதுவரை போனது எத்தனை ரூபாய். கேட்கத் தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்கு 39 பேரை அனுப்பியிருக்கிறோம். இந்தக் கேள்வியை அவர்கள் கேள்வி நேரத்தின் முதல் நாளிலேயே எழுதிக் கொடுக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். பதில் வரும் நாளில் அதை இதே பத்தியில் வரிக்கு வரி வெளியிடுவோம்.